இருபத்துமூன்றாம் தடத்தின் கேள்வி

பல்லுக்காரர் சைக்கிளில் போவதை ஒருமுறை பின்னாலிருந்து பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைக் காலை, மலையடிவாரத்துச் சாலை, முன்னாலும் ஆள் இல்லை, பின்னாலும் ஆள் இல்லை. மனிதர் பாட்டுக்கு மிதித்துக்கொண்டு போவார். சாலையில் ஒரு குழி வந்தால் போதும், இடது கை ஹேண்டில்பாரை விட்டுக் கீழே இறங்கி, விரலை நீட்டிக் குழியைக் காட்டும். சரளைக்கல் கிடந்தால் உள்ளங்கையை விரித்து ஆட்டுவார். கூட்டமாகச் சைக்கிள் ஓட்டுகிறவர்களின் வழக்கம் அது. முன்னால் போகிறவனுக்குத்தான் சாலை தெரியும்; பின்னால் வருகிறவன் அவன் முதுகை நம்பி வருகிறான். ஆகவே பார்த்தவன் காட்டியே ஆக வேண்டும். அதெல்லாம் சரி, பின்னால் ஒருவரும் வராதபோது யாருக்கு ஐயா காட்டுகிறீர் என்று ஒருநாள் டீக்கடைக்காரர் வாய்விட்டே கேட்டுவிட்டார். "பழக்கம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு பல்லுக்காரர் டீயை ஊதத் தொடங்கினார்.

பதினோரு வருஷமாக அவர் தனியாகத்தான் ஓட்டுகிறார்.

தொழில், பல் செட் செய்வது. டாக்டர் இல்லை. டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவர் அதில் பிளாஸ்டர் ஊற்றித் தாடையை வார்த்து, மெழுகில் பல்லை அடுக்கி, கடைசியில் பாலிஷ் போட்டு, டப்பாவில் வைத்துத் திருப்பி அனுப்புவார். இரண்டாவது மாடியில் ஒரே அறை. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டிடத்தின் சுவர். மேஜைமேல் வரிசையாகப் பிளாஸ்டர் தாடைகள், ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் ஓர் எண். ஊரில் நானூறு ஐந்நூறு பேர் அவர் செய்த பல்லால் மெல்லுகிறார்கள், இளிக்கிறார்கள், பெண்டாட்டியிடம் பல்லைக் கடிக்கிறார்கள். அதில் ஒருவருக்கும் இவர் முகம் தெரியாது. நாள் முழுக்க ஊரார் வாய்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறவருக்குப் பேச்சுத்துணைக்கு ஒரு வாய் கிடையாது. சொந்தப் பெயர் மின்சார பில்லில் மட்டும்தான் மிச்சம். மற்ற எல்லோருக்கும் அவர் பல்லுக்காரர்.

நிறம் விஷயத்தில் மட்டும் அவரிடம் வாய் கொடுக்கக் கூடாது. பல் வெள்ளை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவரிடம் பதினாறு மாதிரிப் பற்கள் குத்திய ஒரு ஷேடு கார்டு இருக்கிறது. பதினாறும் வேறு வேறு வெள்ளை. டாக்டர் தவறான எண்ணை எழுதி அனுப்பினால், ஆளின் வயதைக் கேட்டுவிட்டு, "இந்த வயசுக்கு இவ்வளவு வெளுப்பு இருக்காதுங்க" என்று போனில் சண்டைக்குப் போவார். அந்த வாரத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

கல்யாணம் நடக்கவில்லை. முதலில் பெண் அமையவில்லை, அப்புறம் அவருக்கு அக்கறை இல்லை. பெண் பார்க்க அலைந்துகொண்டிருந்தது அண்ணி ஒருத்திதான். அண்ணனோடு பேச்சு நின்றதும் அதுவும் நின்றுபோயிற்று.

இப்போது அந்தச் சண்டையைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இந்த மனிதர் ஏன் இப்படி என்று உங்களுக்குப் புரியாது.

அண்ணன் மலைமேல் தண்ணீர் இறைக்கும் நிலையத்தில் பம்ப் ஓட்டுபவராக இருந்தார். அங்கேயே மேட்டில் ஒரு வீடும் கட்டிக்கொண்டார். தம்பியைவிட ஏழு வயது மூத்தவர். தம்பிக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். ஞாயிறு தவறாமல் தம்பி கீழிருந்து ஏறுவார், அண்ணன் மேலிருந்து இறங்கி வந்து பாதி வழியில் சேர்ந்துகொள்வார். இரண்டு பேரும் சேர்ந்து சுற்றாத மலைப்பாதை அந்த வட்டாரத்தில் கிடையாது. சண்டை வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் சங்கத்திலிருந்து இன்னும் ஐந்து பேர் வந்திருந்தார்கள். ஏற்றத்தில் அண்ணன் எல்லோரையும் முந்திக்கொண்டு போய் உச்சியில் காத்திருந்தார். தம்பி கடைசி ஆளாக மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தபோது, "என்னடா, செஞ்ச பல்லு எல்லாத்தையும் முதுகுல கட்டிக்கிட்டு வந்தியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கிற மாதிரியான பேச்சுதான். ஆனால் தம்பிக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

இறக்கத்தில் தம்பி முன்னால் பாய்ந்தார். அண்ணன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தார். எட்டாவது கொண்டை ஊசி வளைவில், மழைத்தண்ணீர் அரித்துப்போட்ட ஒரு குழி. தம்பி அதைப் பார்த்தார். வண்டியை வெட்டி விலகினார். கை மட்டும் இறங்கவில்லை. கண் சிமிட்டுகிற நேரம். வேண்டுமென்றே செய்தாரா, கோபத்தில் மறந்தாரா என்று கேட்டால் அவருக்கே தெரியாது. பின்னால் டமார் என்று சத்தம் கேட்டது.

அண்ணனுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, அண்ணி, சங்கத்து ஆட்கள் எல்லோர் முன்னாலும், "இவன் பாத்துட்டே காட்டாமப் போயிட்டான்" என்றார். தம்பி ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆமாண்ணே, தப்புதான் என்று சொல்லியிருந்தால் ஒரு வாரம் திட்டு வாங்கியதோடு போயிருக்கும். "நான் குழியைப் பாக்கவேயில்லை" என்று சாதித்தார். "அப்ப என் மூஞ்சியில முழிக்காதே" என்றார் அண்ணன். வலியில் சொல்கிற பேச்சு. அதைப்போய் கல்வெட்டு மாதிரி எடுத்துக்கொண்டு இவர் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டார். அண்ணன் வீட்டுப் போன் எண் இன்றைக்கும் மனப்பாடம். கடைசி எண்ணுக்கு முந்தின எண் வரைக்கும் எத்தனையோ தடவை அழுத்தியிருக்கிறார்.

ஊரில் உள்ள சைக்கிள் சங்கத்துக்கு ஒரு வழித்தடப் புத்தகம் உண்டு. அதில் நாற்பது தடங்கள். எங்கே திரும்ப வேண்டும், எங்கே தண்ணீர் கிடைக்கும், எந்த இறக்கத்தில் பிரேக்கை விடக்கூடாது எல்லாம் அதில் இருக்கும். யார் வேண்டுமானாலும் எந்த நாளில் வேண்டுமானாலும் போகலாம். குறுக்கே புகுந்து ஏமாற்றவில்லை என்பதற்குச் சாட்சி வேண்டுமே, அதற்கு ஒரு கார்டு. வழியில் கடை இருந்தால் கடைக்காரரிடம் முத்திரை வாங்க வேண்டும். கடை கண்ணி இல்லாத இடத்துக்கு ஒரு கேள்வி வைத்திருப்பார்கள். பாலத்துக்கு எத்தனை தூண், கல்லில் என்ன எண் என்கிற மாதிரி. நேரில் போனவனுக்குத்தான் பதில் தெரியும். பதிலை எழுதித் தடம் போட்டவருக்கு அனுப்பினால் அவர் சரிபார்த்துச் சங்கப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார்.

பல்லுக்காரர், சண்டை முடிந்து இரண்டு வருஷம் கழித்து, ஒரு தடம் போட்டுக் கொடுத்தார். புத்தகத்தில் இருபத்துமூன்றாம் எண். தொண்ணூற்றுநான்கு கிலோமீட்டர், நடுவில் பதினோரு கொண்டை ஊசி வளைவு. சங்கத்தில் அதற்கு நாக்குத்தள்ளி என்று பெயர். உச்சியில் கடை எதுவும் கிடையாது. ஆகவே ஒரு கேள்வி: "பதினோராவது வளைவு தாண்டியதும் இடதுபுறம் ஒற்றை வீடு. அதன் இரும்புக் கேட் என்ன நிறம்?"

அது அண்ணன் வீட்டுக் கேட்.

என்ன மூளை பாருங்கள். பேச மாட்டாராம், போக மாட்டாராம். ஆனால் முன்பின் தெரியாத யாரோ ஒருவன் மூச்சுத் திணறத் திணற மலை ஏறிப்போய், அண்ணன் வீட்டு வாசலில் நின்று பார்த்து, இவருக்கு எழுதி அனுப்ப வேண்டும். பதில் என்ன என்பதும் இவருக்குத் தெரியும். வீடு கட்டிய நாளிலிருந்து அந்தக் கேட் கறுப்புத்தான். வீடு அங்கே இருக்கிறது, கேட் இருக்கிறது, யாரோ பார்த்தார்கள், அது போதும் என்று நினைத்தார்.

முதல் கார்டு அப்படித்தான் வந்தது. "கறுப்பு." அந்த ஒரு வார்த்தையை எத்தனை தரம் படித்தார் என்று கணக்கில்லை. அடுத்த வருஷம் வந்த கார்டில், "பச்சை" என்று இருந்தது. பல்லுக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். அண்ணன் இருபது வருஷமாக ஒரு தூரிகையைக் கையால் தொட்டவரில்லை. வீட்டை விற்றுவிட்டார்களோ என்று இரண்டு நாள் தூக்கமில்லை. அதே வருஷம் இன்னொருவர் போனார். அவர் பச்சை என்று எழுதியதோடு, பெரியவர் ஒருவர் தடி ஊன்றி வந்து எங்கிருந்து வருகிறாய் என்று விசாரித்ததாகவும் கீழே குறித்திருந்தார். அப்பாடா என்றிருந்தது. அப்புறம் நீலம் வந்தது. இவருக்குப் பொறுக்கவில்லை, "எந்த நீலம்?" என்று கேட்டு அந்த ஆளுக்குக் கடிதம் போட்டார். "கேட் நீலம்" என்று பதில் வந்தது. நிறம் தெரியாத ஜன்மங்கள் என்று திட்டிக்கொண்டே அந்தப் பதிலையும் பத்திரப்படுத்தினார். செங்கல் நிறம், சாம்பல் என்று கேட் வருஷத்துக்கு வருஷம் மாறிக்கொண்டே வந்தது. அண்ணிக்குத்தான் ஏதோ பைத்தியம் பிடித்திருக்கிறது என்று இவர் முடிவுகட்டினார். வந்த எல்லாப் பதிலுக்கும் சரி என்று கையெழுத்துப் போட்டார்.

ஒன்பது வருஷத்தில் ஒன்பது கார்டு. பல் செட் வைக்கிற டப்பா ஒன்றில் அவற்றை வைத்திருந்தார். கடைசியாக வந்தது பதினான்கு மாதத்துக்கு முன்னால். "இடது கதவு மஞ்சள், வலது கதவு வெள்ளை. பெரியவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கையசைத்தேன், கவனிக்கவில்லை." அதற்கப்புறம் ஒரு ஈ காக்கை அந்தப் பக்கம் போகவில்லை. பல்லுக்காரர் சங்கத்துக்குப் போய், ஆள் அகப்பட்டால் இருபத்துமூன்றாம் தடத்தின் பெருமையைப் பாட ஆரம்பித்தார். மேலே காற்று அப்படி வீசும், இறக்கம் அப்படி வழுக்கிக்கொண்டு போகும் என்று. "இறங்குறதுக்கு நான் உயிரோட இருக்கணுமே சார்" என்று சொல்லிவிட்டு எல்லோரும் நழுவினார்கள். ஒரு கேட் ஏன் இரண்டு நிறமாக இருக்கிறது? பாதி வேலையில் பெயின்ட் அடித்தவருக்கு என்ன ஆனது? அச்சில் பிளாஸ்டர் ஊற்றும்போதெல்லாம் இந்தக் கேள்வி வந்து நின்றது. பதினான்கு மாதம் என்பது ஒரு மனிதன் இல்லாமல் போவதற்குத் தாராளமான காலம்.

இந்த நிலையில்தான் சங்கத்துச் செயலாளர் கூப்பிட்டு அனுப்பினார். புதிதாகப் பொறுப்பேற்ற பெண்மணி, எதையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவர். சங்க அலுவலகம் என்பது ஒரு சைக்கிள் கடையின் பின்னறை. ஆணியில் டியூப்கள் மாலைமாலையாகத் தொங்கும், கிரீஸ் வாடை அடிக்கும். புத்தகத்தை மறுபடி அச்சடிப்பதற்காக எல்லாத் தடங்களின் பதிவேட்டையும் புரட்டிக்கொண்டிருந்தார்.

"சார், இது என்னன்னு நீங்களே பாருங்க," என்றார். "ஒரே கேள்விக்கு ஆறு பதில். ஆறுக்கும் சரின்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"கேட்டுக்குப் பெயின்ட் அடிச்சிருப்பாங்க."

"அடிச்சாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? வந்த கார்டை வச்சேதானே? அப்ப எவன் என்ன எழுதினாலும் சரியா?"

பல்லுக்காரர் தொங்குகிற டியூப்களை எண்ண ஆரம்பித்தார். செயலாளர் இன்னொரு தாளை எடுத்தார். தடம் போட்டவர் வருஷத்துக்கு ஒருமுறை நேரில் முழுதாக ஓட்டிச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. ஒன்பது வருஷமும் 'நேரில் ஓட்டிச் சரிபார்த்தேன்' என்று அவர் கையெழுத்து இருந்தது.

"ஓட்டினீங்களா?"

"ஓட்டினேன். ஏழாவது வளைவு வரைக்கும்."

"அதுக்கு மேல?"

"அதுக்கு மேல மனப்பாடம்."

செயலாளர் ஏதோ கடுமையாகச் சொல்லத்தான் வாயெடுத்தார். பல்லுக்காரர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். "இந்த மாசக் கடைசிக்குள்ள நீங்களே போய் முழுசா ஓட்டி, கேள்விக்குப் பதில் எழுதி, கார்டை என் கையில கொடுங்க. முடியலேன்னா பரவாயில்லை, இருபத்துமூணை எடுத்துட்டு அந்த எண்ணுக்கு வேற தடம் போட்டுக்கறேன். யாரும் அதுல போறதும் இல்லையே சார்."

வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்து ஒன்பது கார்டையும் மேஜைமேல் பரப்பினார். தடம் போய்விட்டால் இனி பத்தாவது கார்டு கிடையாது. மேட்டு வீட்டிலிருந்து ஒரு வார்த்தை வருவதற்கு இருந்த ஒரே வழி அது. அதைக் காப்பாற்ற வேண்டுமானால் எட்டாவது வளைவைத் தாண்டி, பதினோராவது வளைவைத் தாண்டி, அந்தக் கேட்டின் முன்னால் இவரே போய் நிற்க வேண்டும். அங்கே யாரும் இல்லை என்று தெரிந்துகொள்ள நேர்ந்தால்? தெரியாமலே இருந்துவிடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அவருக்குப் பயமாக இருந்தது. ஐம்பத்துமூன்று வயது மனிதர், ஒரு கேட்டைப் பார்க்கப் பயந்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைக் கடத்தினார்.

மாதத்தின் கடைசி ஞாயிறு. விடிந்தும் விடியாததுமாக இரண்டு துண்டு ரொட்டி, ஒரு வாழைப்பழம். டயரை அழுத்திப் பார்த்துக் காற்றடித்துவிட்டுக் கிளம்பினார். கல் குவாரி வரைக்கும் சமதரை. அங்கே லாரிகள் உடைத்த சாலை, குழிக்குப் பஞ்சமில்லை. இடது கை இறங்கி ஏறி இறங்கி ஏறிக் களைத்துப்போயிற்று. நாற்பதாவது கிலோமீட்டரில் டீக்கடை. கார்டை நீட்டி முத்திரை கேட்டபோது கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நீங்களே போட்ட தடம்தானே? நீங்களே உங்களுக்குச் சாட்சி வாங்கறீங்களா?"

"ஆமா, இந்தத் தடவை நானே வாங்கணுமாம்," என்றார் பல்லுக்காரர்.

ஏற்றம் ஆரம்பித்தது. முதல் மூன்று வளைவு பொழுதுபோக்கு. நாலாவதிலிருந்து சாலை நிமிர்ந்துகொள்ளும். இருப்பதிலேயே லேசான கியரில் போட்டு, மூச்சுக்கு ஒரு மிதி என்று ஏறினார். வியர்வை மூக்கு நுனியில் சேர்ந்து ஹேண்டில்பாரில் சொட்டியது. ஏழாவது வளைவில் ஒரு தட்டைக் கல் உண்டு. வருஷா வருஷம் அதில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு வண்டியைத் திருப்புவது வழக்கம். இன்றைக்கும் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். எழுந்ததும் வண்டியின் முன்சக்கரம் பழக்கதோஷத்தில் கீழ்ப்பக்கமே திரும்பி நின்றது. அதைத் தூக்கி மேல்பக்கம் வைத்து ஏறி மிதித்தார்.

எட்டாவது வளைவில் குழியை எப்போதோ அடைத்துவிட்டிருந்தார்கள். பழைய சாலையில் புதுத் தார் ஓர் ஆள் படுக்கிற அளவுக்குக் கறுப்பாகத் தெரிந்தது. பல்லுக்காரரின் இடது கை இறங்கியது. விரல் நீண்டு அந்த இடத்தைக் காட்டியது. அதைத் தாண்டிப் போனபிறகும் வெகுநேரம் கை மேலே ஏறவில்லை. பின்னால் யாருமில்லை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

பதினோராவது வளைவு தாண்டியதும் கேட் தெரிந்தது. இடது கதவு மஞ்சள், வலது கதவு வெள்ளை. பதினான்கு மாத மழையும் வெயிலும் பட்டு இரண்டும் உரிந்து, அடியில் சாம்பலும், அதற்கடியில் செங்கல் நிறமும் நீலமும் திட்டுத்திட்டாகத் தெரிந்தன. கம்பிகளின் காலில் துரு. பல்லுக்காரர் இறங்கினார். கொடியில் துணி காய்ந்தது. அதில் ஓர் ஆண்பிள்ளைச் சட்டை இருந்ததைப் பார்த்தபிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது.

அண்ணி பக்கெட்டோடு பக்கவாட்டிலிருந்து வந்தாள். முட்டிவலி போலிருக்கிறது, ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தாள். "சைக்கிளா? குழாயில தண்ணி வருது, பிடிச்சுக்கங்க. பாத்து வாங்க, வாசல்ல நேத்துத்தான் குழாய்க்குத் தோண்டிப் போட்டிருக்காங்க," என்று நிமிராமலே சொன்னாள். பதில் வராததால் நிமிர்ந்தாள். பல்லுக்காரர் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

அண்ணி பக்கெட்டைக் கீழே வைத்தாள். "வழி தெரிஞ்சுதா தம்பி?" என்றாள்.

அவர் கேட்டைத் தாண்டி உள்ளே பார்த்தார். "அண்ணன்..." என்றார்.

"இருக்காரு. கண்ணுதான் போயிடுச்சு. ரெண்டு வருஷமாக் கொஞ்சம் கொஞ்சமா. கண்ணுல பிரஷர்னாங்க, பாத்தோம், ஒண்ணும் நடக்கலை." அவள் கேட்டைத் திரும்பிப் பார்த்தாள். "போன வருஷமும் நானே அடிக்கிறேன்னு அடம். தடவித் தடவி டப்பாவ எடுத்தாரு. ஒண்ணு மஞ்சள், ஒண்ணு வெள்ளை. நான் சொல்லலை. சொன்னா மனசு உடைஞ்சுடும்."

"எதுக்கு அண்ணி வருஷா வருஷம்?"

"எதுக்கா? மொதல்ல வந்த பையன் உங்க தாளைக் காட்டினான். கேட் என்ன கலருன்னு கேள்வி, அடியில உங்க பேரு. மறுவாரமே உங்க அண்ணன் பெயின்ட் டப்பாவோட நிக்கறாரு. கறுப்புன்னு தம்பிக்குத் தெரிஞ்சுபோச்சு, இனிமே எதுக்குக் கேப்பான்னு. ஒரு போன் பண்ணித் தொலைங்களேன்னு நானும் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். அவன் கேட்டது கேட்டைத்தானே, அதுக்குத்தானே பதில் சொல்லணுமாம். ரெண்டு பேரும் நல்லா வந்து வாய்ச்சீங்க." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பக்கெட்டை எடுத்தாள். "ஒரு வருஷமா யாரும் வரலை. தம்பி கேக்கறதை விட்டுட்டான் போலன்னு அதையே சொல்லிக்கிட்டிருக்காரு. உள்ள போங்க."

அண்ணன் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. முகம் சைக்கிள் சத்தம் வந்த பக்கம் திரும்பியிருந்தது, கண் எதிலும் நிற்கவில்லை. "யாரு வந்திருக்கறது?" என்றார். "சைக்கிள்காரரா? கலரை எழுதிக்கிட்டீங்களா?"

"அண்ணே," என்றார் பல்லுக்காரர்.

அண்ணன் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்தார். பிறகு, "என்ன கலருன்னு எழுதினே?" என்று கேட்டார்.

"இன்னும் எழுதலை."

"சொல்லு."

பல்லுக்காரருக்கு ஒரே நிறமாகச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் பார்த்ததைச் சொல்லாமல் விட்டவர் அவர். ஆகவே சொன்னார். "இடது கதவு மஞ்சள், கொஞ்சம் பழுப்பு கலந்தது. வலது கதவு வெள்ளை. சுத்த வெள்ளை இல்லை, அறுபது வயசு ஆளோட பல்லு வெள்ளை. உரிஞ்ச இடத்துல சாம்பல், நீலம் எல்லாம் தெரியுது. கீழே துரு."

"ரெண்டு கலரா?" என்றார் அண்ணன். "உங்கண்ணி ஒண்ணும் சொல்லலையே." குரலில் சிரிப்பா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. "இப்படி ஒருத்தரும் எனக்குச் சொல்லலைடா. வா, எங்கெங்க உரிஞ்சிருக்குன்னு காட்டு. தடவிப் பாக்கறேன்."

எழுந்தார். தம்பியின் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டார். முன்னால் தம்பி, பின்னால் அண்ணன், இருவரும் கேட்டை நோக்கி நடந்தார்கள். பத்தடி போயிருப்பார்கள். வாசலில் இடது பக்கத்திலிருந்து பாதி வழியை மறித்து, முழங்கால் ஆழத்துக்குக் குழாய்க்காகத் தோண்டிய குழி. பல்லுக்காரரின் இடது கை தானாக இறங்கியது, விரல் நீண்டது, குழியைக் காட்டியது. பதினோரு வருஷத்தில் முதல்முறையாகப் பின்னால் ஆள் இருந்தார். அந்த ஆளுக்குக் கை தெரியாது.

அவர் நின்றுவிட்டார். அண்ணன் முதுகில் வந்து இடித்தார்.

"என்னடா?"

"குழிண்ணே," என்றார். "இடது பக்கம். பெரிய குழி."

கொடியில் துணி படபடத்தது.

"அன்னிக்கும் பாத்தேண்ணே," என்றார் பல்லுக்காரர். "பாத்தேன். காட்டலை."

தோளில் இருந்த கை விலகும் என்று எதிர்பார்த்தார். அது விலகவில்லை.

"தெரியும்," என்றார் அண்ணன். "நீ விலகினியே. பாக்காம எப்படிடா விலகுவே?" தோளை லேசாக அழுத்தி, "சரி, வலது பக்கமாக் கூட்டிக்கிட்டுப் போ," என்றார்.

பல்லுக்காரர் வலது பக்கமாகத் திரும்பி நடந்தார். கல் ஒன்று கிடந்தது, சொன்னார். ஈரமாக இருந்தது, சொன்னார். கேட் வந்துவிட்டது, அதையும் சொன்னார்.